இஸ்ரேல் வடைக்கடை எழிலரசி

ஆரணியில் சாப்பாட்டுக்கடை வைத்துவிட்டு டீயில் மாட்டுப்பால் ஊற்ற மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் எழிலரசிதான். கடை திறந்த அன்று காலையில் முதலில் நுழைந்தவர் ஒரு நெசவாளி. புடவை மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "ஸ்ட்ராங்கா ஒரு டீ குடும்மா" என்றார். எழிலரசி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தவர் டம்ளரை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வேர்க்கடல வாசன வருது?"

"கடலப்பாலுங்க. நம்ம கடையில மாட்டுப்பால், தயிரு, நெய்யி, முட்ட எதுவும் கெடையாதுங்க."

"எதுனா வேண்டுதலா?"

"இல்லீங்க. இந்தச் சாப்பாடே அப்பிடித்தான்."

அவர் மீதியையும் குடித்தார், காசைக் கொடுத்தார், நேராக எதிர்க்கடைக்குப் போய் இன்னொரு டீ குடித்தார். எழிலரசி கல்லாவில் நின்றபடியே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மறுநாள் அதே மனிதர் மறுபடியும் வந்தார். டீ கேட்கவில்லை, வடை கேட்டார்.

அந்த வடைதான் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஊறவைத்த கொண்டைக்கடலையை வேகவைக்காமலே பூண்டு, சீரகம், கொத்தமல்லியோடு அரைத்து உருட்டிப் பொரிப்பது. அதன் சொந்தப் பேர் ஃபலாஃபெல். உப்பலாகச் சுட்ட ரொட்டியைப் பை மாதிரி பிளந்து, உள்ளே இரண்டு வடை, வெள்ளரி, தக்காளி, சுட்ட கத்திரிக்காய் எல்லாம் அடைத்து, மேலே எள்ளு விழுதைத் தாராளமாக ஊற்றிக் கொடுப்பாள். பலகையில் 'எழில் சைவ உணவகம், பால் நெய் முட்டை கலக்காத இஸ்ரேல் உணவு' என்று எழுதியிருந்தது. அவ்வளவு நீளமாக யார் சொல்வார்கள்? ஊர் அதை இஸ்ரேல் வடைக்கடை ஆக்கிவிட்டது. பட்டு வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள்கூட, பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி கேட்டார்கள்.

எழிலரசி பிறந்தது கண்ணமங்கலம் போகும் வழியில் இருக்கும் ஏரிமேடு காலனியில். சொந்த நிலம் என்று அந்தக் குடும்பத்துக்கு ஒரு சாண்கூட இருந்ததில்லை. அம்மா ரங்கம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் மகளை வேலூரில் நர்சிங் உதவியாளர் படிப்பு படிக்க வைத்தாள். படிப்பு முடிந்து, கல்யாணம் முடிந்து, ஒரு பையனும் பிறந்த பிறகு எழிலரசிக்கு இஸ்ரேலில் வேலை கிடைத்தது. முடியாதவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. கணவன் சுதாகர் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். "போய்ட்டு வா எழிலு, பையன நானும் அத்தையும் பாத்துக்கறோம்" என்று அவன்தான் தைரியம் சொல்லி அனுப்பினான்.

ஹைஃபா என்ற மலைச்சரிவு ஊர், கீழே கடல். அவள் பார்த்துக்கொள்ள வேண்டியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோயிருந்தது. மிருகத்திடமிருந்து வரும் எதையும் அவர் தொட மாட்டார், பால்கூட ஆகாது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்த மாதிரிச் சாப்பாட்டுக்கென்றே ஓர் உணவகம் இருந்தது. ஷிரா என்கிற யூதப் பெண்ணும் நாதியா என்கிற அரபுப் பெண்ணும் கூட்டாளிகளாக நடத்திய கடை. பெரியவருக்குச் சாப்பாடு வாங்கத் தினமும் இறங்கிப் போன எழிலரசி, விடுமுறை நாளில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அந்தச் சமையலறையிலேயே போய் வெங்காயம் உரித்தாள். உரித்தவள் அரைத்தாள், அரைத்தவள் பொரித்தாள். ஹீப்ரு அங்கேதான் வாயில் வந்தது.

நாதியாவும் ஷிராவும் சண்டை போட்டால் அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும். ஒருமுறை உணவுப் பட்டியலில் ஷிரா 'இஸ்ரேலி சாலட்' என்று அச்சடித்துவிட்டாள். "இது எங்கம்மாவோட சாலட்" என்று நாதியா கரித்துண்டால் அதைக் கோடு போட்டு அடித்தாள். ஒரு வாரம் இருவரும் முகம் பார்க்கவில்லை. கடைசியில் 'வெள்ளரி தக்காளி சாலட்' என்று புதுப் பட்டியல் வந்தது. எழிலரசிக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. சரிக்குச் சமமாக நின்று போடுகிற சண்டை. வெளியே தெருவில் நாதியாவை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். கேட்கிறவர்கள் பார்க்கும் பார்வை எழிலரசிக்குப் புதிதில்லை. ஆரணியில் 'நீ எந்தத் தெரு' என்று கேட்கிறவர்களின் கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

பெரியவர் இறந்த பிறகு ஊர் திரும்பினாள். வேலூரில் மறுபடியும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவள் கடைக்கு இடம் தேடினாள்.

இடம் கொடுத்தவர் பட்டு வியாபாரி அருணகிரி. மாடியில் அவருடைய குடோன், கீழே காலி கடை. இறைச்சி சமைக்கக்கூடாது, பட்டில் வாசனை ஏறும் என்று அவர் போட்ட நிபந்தனைக்கு யாரும் அமையாமல் அந்த இடம் பூட்டியே கிடந்தது. எழிலரசி வந்து, முட்டைகூடக் கிடையாது என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. பிறகு தயங்கி, "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"ஏரிமேடுங்கண்ணா. காலனி."

ரங்கம்மாளாக இருந்தால் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டிருப்பாள். எழிலரசி யோசித்துத்தான் 'அண்ணா' என்றாள். அருணகிரி கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பூட்டிக் கிடந்த கடையையும் நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. "சரி, சாவிய வாங்கிக்கோ" என்றார். அவர் மனைவி பூங்காவனம் முதல் மாதம் கடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் மாதம் சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொண்டைக்கடலையை வேகவைத்து எள்ளோடு அரைத்த கடலை விழுது வாங்கி வரக் கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு அந்தக் கிண்ணம் தினமும் வந்தது.

வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பங்கள் ஆரணிக்குப் பட்டெடுக்க வந்தால் நம்பி உட்காரும் கடையாக அது ஆனது. ஜரிகைக்கடை பாய்மார், காலேஜ் பிள்ளைகள், ரைஸ் மில் கணக்கர்கள் எல்லோரும் வந்தார்கள். மத்தியானத்தில் நிற்க இடமிருக்காது. எழிலரசி கூட்டத்தைப் பார்க்கும்போது நிமிர்ந்துதான் நிற்பாள். அதை அவள் மறைத்ததும் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று அக்டோபரில் அங்கே இஸ்ரேலில் போர் மூண்டது. முதல் நாள் தாக்குதலிலேயே ஷிராவின் அக்கா மகன் கொல்லப்பட்டான். சில வாரங்களில், காசாவில் வாழ்க்கைப்பட்டிருந்த நாதியாவின் தங்கை வீடு குண்டில் தரைமட்டமானது. தங்கையும் அவள் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். எழிலரசி போன் செய்தபோது நாதியா அழவில்லை. "கடையை மூடிவிட்டோம். கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். யார் உடைத்தது என்று எனக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். ஆரணிக் கடையின் பின்கட்டில் கடலை மூட்டைமேல் உட்கார்ந்து எழிலரசிதான் அழுதாள்.

அந்தச் சூட்டிலேயே ஆரணிக் கடைக்கும் வினை வந்தது. ஒரு நாள் காலை ஒரு கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் கோகுல்ராஜ் நாலைந்து பேரோடு வந்தார். கையில் சால்வை, ஒருவன் கையில் இஸ்ரேல் கொடி, இன்னொருவன் கையில் கேமரா.

"அம்மா, இந்த மாதிரி நேரத்துல தைரியமா இந்தப் பேர்ல கட நடத்தறீங்களே, ஒங்களுக்கு ஒரு மரியாத பண்ணணும். இந்தக் கொடிய வாசல்ல கட்டிடலாம்."

"கொடி, சால்வ எல்லாம் வேணாங்க. நான் தைரியத்துக்காக நடத்தல, பொழப்புக்கு நடத்தறேன்."

"ஒரு போட்டோ மட்டும்மா."

"வட சாப்டுட்டுப் போங்க. போட்டோ வேணாம்."

அவர்கள் வடை சாப்பிட்டார்கள். வெளியே போனதும் பலகைக்குக் கீழே கொடியை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊர் முழுக்கச் செல்போனில் சுற்றியது. 'நம்ம ஆரணி யார் பக்கம் பார்' என்று கீழே ஒரு வரி.

மறுநாளே ஜரிகைக்கடை பாய்மார் வருவது நின்றது. ஊரிலிருந்த போர் எதிர்ப்புக் குழு, ஞாயிற்றுக்கிழமை இஸ்ரேல் உணவகத்தை முற்றுகையிடப் போவதாகச் சுவரொட்டி ஒட்டியது. அருணகிரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எழிலு, பேஜாரா பூட்ச்சிம்மா. மேல பட்டு கெடக்குது. எவனாவது கல்லு வுட்டான்னா இன்னா பண்றது? ஜல்தியா அந்த போர்ட கழட்டிடு. அப்பறமா வேற பேர் வச்சிக்கலாம்."

"நான் போய் அவங்களாண்ட பேசிட்டு வர்றேண்ணா."

"அவங்ககிட்ட நீ இன்னா பேசுவ?"

"தெரியலண்ணா. போனாத்தான் தெரியும்."

குழுவின் ஒருங்கிணைப்பாளர் அருள்தாஸ் ஆயுள் காப்பீட்டு முகவர். அவரும் கடைக்கு வாடிக்கையாக வந்தவர்தான். எழிலரசி அவர் அலுவலகப் படியேறியபோது நாலு பேர் தட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். அருள்தாஸ் எழுந்து நாற்காலி போட்டார்.

"ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லம்மா. போர்டக் கழட்டிடுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

"அந்தக் கொடிய நான் புடிக்கல சார். நான் வேணான்னு சொல்லியும் புடிச்சிகினு போனாங்க."

"நம்பறேன். ஆனா கொடி மட்டும் இல்ல விஷயம். நீங்க விக்கற வட, அந்தக் கடல விழுது, இதெல்லாம் பாலஸ்தீன ஜனங்க தலமொறையா சாப்டறது. அதுக்கு இஸ்ரேல்னு பேர் வச்சா, நெலத்த எடுத்துகினவன் சட்டியையும் எடுத்துகினான்னுதான் அர்த்தம்."

 நாதியா கையில் கரித்துண்டோடு நின்றது அப்படியே எழிலரசியின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நீங்க சொல்றது நெசம் சார்" என்றாள். "எனக்கு வட சுடக் கத்துக்குடுத்தவ அரபுப் பொம்பளதான். அவ தங்கச்சி குடும்பமே குண்டுல போச்சி. ஆனா அந்தக் கத்திரிக்கா ரொட்டி இராக்குல இருந்து தொரத்திவுட்ட யூதங்க வூட்டுச் சாப்பாடு. அத ஷிராவோட அம்மா செய்வாங்க. ஷிரா வூட்டுப் புள்ளையும் செத்துட்டான். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வூட்டுலயும் எழவு சார். ஒரு வூட்டுப் பேர அழிச்சிட்டு இன்னொரு வூட்டுக்காக நான் அழ முடியாது."

தட்டி எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்ப இன்னா பண்ணலாங்கறீங்க?"

"இருக்கற பேரக் கழட்ட மாட்டேன். வுட்டுப்போன பேரச் சேத்து எழுதறேன். ஞாயித்துக்கெழம போராட்டத்துக்கு நானும் வர்றேன். ஆனா என் கடைக்கு எதிர்ல வேணாம், பழைய பஸ் ஸ்டாண்டாண்ட வைங்க. சண்ட நிக்கணும்னு சொல்றதுக்கு என் கட கதவ எதுக்கு சார் மூடணும்?"

அருள்தாஸ் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. இஸ்ரேல் என்ற சொல் இருக்கும்வரை அந்தக் கடையில் கால் வைக்க மாட்டேன் என்றார். அவர் இன்றுவரை வரவில்லை. மற்றவர்கள் இடத்தை மாற்றச் சம்மதித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எழிலரசி பழைய பஸ் ஸ்டாண்டு அருகே முன்வரிசையில் நின்றாள். பக்கத்தில் சுதாகர். குழந்தைகளைக் கொல்லாதே என்ற தட்டியைத் தானே கேட்டு வாங்கிப் பிடித்தாள். ஜரிகைக்கடைக்காரர் தஸ்தகீர் பாய் அவளைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.  வெயில் ஏறியபோது தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கோகுல்ராஜுக்கு இது பொறுக்கவில்லை. சால்வையை மறுத்தவள் எதிர்க்கூட்டத்தில் போய் நின்றால் விடுவாரா? அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் யார் எழுதியது என்று பேர் போடாத ஒரு செய்தி தெருத்தெருவாகப் போனது. 'சுத்த சைவம் என்று வரிசையில் நின்று சாப்பிடுகிறீர்களே, சமைப்பது யார், எந்தக் காலனி என்று தெரியுமா?' அவ்வளவுதான். போர், கொடி, இஸ்ரேல் எல்லாம் அதில் காணாமல் போயிருந்தது.

அந்த வாரம் மத்தியானக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. கல்லெறிவார்கள் என்று பயந்தபோதுகூட அப்படிக் குறையவில்லை. பூங்காவனத்தின் கிண்ணமும் இரண்டு நாளாக வரவில்லை. அருணகிரி மறுபடியும் இறங்கி வந்தார். இந்தத் தடவை உட்காரவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பங்காளிங்க பேசறாங்க. சம்மந்தி வூட்ல கேக்கறாங்க. நீ வேற எடம் பாத்துகினா..."

"அண்ணா, நீங்க சாவி குடுத்த அன்னிக்கே நான் எந்த ஊருன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"நான் மறைக்கல. நீங்களும் கேக்காம வுடல. இப்ப புதுசா தெரிஞ்ச மாரி யாரு பேசினாலும், அவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நானு. ரெண்டு நாள் பொறுங்க. அதுக்கப்பறமும் காலி பண்ணச் சொன்னா, எழுதிக்குடுங்க. நான் படிச்சிப் பாத்து பேசறேன்."

அவள் குரல் உயரவில்லை. அருணகிரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடியேறினார்.

எழிலரசி நேராகப் பலகை எழுதும் குமரேசனிடம் போனாள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவன் சாக்பீஸால் தரையில் எழுதிப் பார்த்தான். 'எழில் சைவ உணவகம். பாலஸ்தீன, இஸ்ரேல் வீட்டுச் சமையல். பால், நெய், முட்டை இல்லை.' அதற்குக் கீழே ஒரு வரியை அவள் சொன்னதும் அவன் கை நின்றது.

"சமைப்பவர் எழிலரசி, ஏரிமேடு. அத்தோட போதுங்கக்கா. காலனின்னு எதுக்கு?"

"காலனின்னும் எழுதுப்பா."

"யோசன பண்ணிச் சொல்லுங்கக்கா. வியாபாரம்."

"எவனோ அத ரகசியம் மாரி ஊர் பூரா போன்ல அனுப்பிகினு இருக்கான். என்னோட ஊரு அவன் போன்ல ஏன் ஒளிஞ்சிகினு இருக்கணும்? என் போர்டுல இருக்கட்டும். செவப்புல எழுது."

பலகை மாட்டிய அன்று ரங்கம்மாள் ஏரிமேட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். வந்த வேகத்தில், "எதுக்குடி வம்ப வெலைக்கு வாங்கற? நல்லாத்தான போய்கினு இருந்திச்சி?" என்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டு முடித்தவள் வெளியே போய், பேரனை விட்டு அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். உள்ளே திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கொத்தமல்லி ஆய உட்கார்ந்தாள்.

அருணகிரி தெருவின் அந்தப் பக்கம் நின்று பலகையை வெகுநேரம் பார்த்தார். எழிலரசி கல்லாவிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  கண்ணை எடுக்கவில்லை. அவர் ரோட்டைக் கடந்து வந்தார்.

"கடைசி வரி சின்னதா பூட்ச்சி. அங்க இருந்து பாத்தா தெரியல. இன்னும் ஒரு கை பெருசா எழுதச் சொல்லியிருக்கலாம்."

சொல்லிவிட்டு வாசலை ஒட்டிய மேசையில், தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து ரொட்டி கேட்டார். அவர் பயம் எல்லாம் போய்விடவில்லை, ஒவ்வொரு வாய்க்கும் தெருவைத் திரும்பிப் பார்த்ததை அவள் கவனித்தாள். ஆனாலும் முழுதாகச் சாப்பிட்டுத்தான் எழுந்தார். காலி செய்யும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. மறுநாள் பூங்காவனம் கிண்ணம் கொடுத்தனுப்பவில்லை, தானே வந்தாள்.

போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பெரிய கடைத்தெருவில் சில குடும்பங்கள் இன்றைக்கும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகின்றன. ஆனால் இதுவரை ஆரணிக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கிய எத்தனையோ காலனி ஆட்கள், அந்தச் சிவப்பு வரியைப் படித்துவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு உள்ளே வந்தார்கள். தஸ்தகீர் பாய் தன் மகள் பரீட்சையில் தேறியதற்கு அங்கேதான் விருந்து வைத்தார். எழிலரசி ஏரிமேட்டிலிருந்து இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தாள். இருவரும் ஃபலாஃபெல் என்பதை இன்னும் பலவிதமாகத்தான் சொல்கிறார்கள், பொரிப்பது மட்டும் பிசகாது.

ஹைஃபா கடை மறுபடி திறக்கவில்லை. ஷிரா கடற்கரையோரம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். நாதியா தன் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. எழிலரசி இருவரோடும் தனித்தனியாகப் பேசுகிறாள். பலகையைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினாள். நாதியா தமிழ் எழுத்தைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக அர்த்தம் கேட்டாள். ஷிரா ஒரே ஒரு வார்த்தை எழுதினாள், நன்றி என்று.

இந்தத் தை மாதத்தில் வந்தவாசிப் பக்கத்து ஜைனர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எழிலரசியைச் சமைக்கக் கூப்பிட்டார்கள். கல்யாணச் சாப்பாடு என்பதால் பூண்டு வெங்காயம் கூடாது, மண்ணுக்குள் விளையும் எதுவும் கூடாது, இருட்டுவதற்குள் பந்தி முடிந்துவிட வேண்டும் என்றார்கள். பூண்டு போடாமல் வடைக்கு மணம் வரவழைக்க அவள் நாலு நாள் தலையை உடைத்துக்கொண்டாள். பெருங்காயமும் புதினாவும் கை கொடுத்தன. சூரியன் இறங்குவதற்கு நல்ல நேரம் முன்னாலேயே கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது.

பெண்ணின் தாயார் சமையல்கட்டுக்கே வந்து எழிலரசியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மணமக்களோடு நிற்க வைத்து, படம் எடுக்கச் சொன்னார். எழிலரசி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்க மறந்து, கேமராவை நேராகப் பார்த்து நின்றாள்.

"கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான் படம் எடுத்தவன்.

"சிரிச்சிகினுதாம்ப்பா இருக்கேன்" என்றாள்.